அந்த மலைக்குப் 'பேய் மலை' என்று பெயர் வைக்காதீர்கள்

தமிழில் பயணக் காணொளி எடுப்பவர்களுக்கும், பயணக் கட்டுரை எழுதுபவர்களுக்கும், அவற்றுக்குத் தலைப்பு வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு காணொளி வந்து நின்றது. கனடாவின் கிழக்கே, லாப்ரடாரின் வடக்கு முனையில் இருக்கும் டோர்ங்கட் மலைத்தொடரைப் பற்றியது. 'மனிதன் கால் படாத பேய் மலை' என்று தலைப்பு. ட்ரோன் படங்களைக் குறை சொல்ல முடியாது. கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பும் கரும்பாறைச் சுவர், அதன் காலடியில் பனிக்கட்டி மிதக்கும் நீர், ஒரு மரம்கூட இல்லாத பள்ளத்தாக்கு. ஆனால் பின்னணியில் பேய்ப்பட இசை. பேசியவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 'யாருமே இல்லாத இடம் மக்களே' என்றார். மூன்றாவது தடவை அப்படிச் சொன்னபோது திரையின் ஓரத்தில் வட்டமாக வைத்த கற்கள் தெரிந்தன. தோல் கூடாரம் காற்றில் பறக்காமல் இருக்க விளிம்பைச் சுற்றி வைக்கும் கற்கள். எப்போதோ ஒரு குடும்பம் அங்கே தங்கி, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறது. கேமரா அதைக் கடந்து போய்விட்டது.

யாருடைய காணொளி என்று சொல்லப் போவதில்லை. அவர் ஒருவரோடு போகிற விஷயமாக இருந்தால் அவருக்கே நாலு வரி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அடுத்தடுத்துக் கண்ணில் பட்டவையும் இதே ராகம் பாடியதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் டொராண்டோவில் இருப்பவன். அந்த மலைக்குப் போனதில்லை, போகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எனவே போய் வந்த உங்களில் சிலருக்கு என்னைவிட அந்த இடம் கண்ணுக்குப் பழக்கம். நான் சொல்ல வருவது கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றி.

முதலில் பெயர். வரைபடத்தில் டோர்ங்கட் என்று இருந்தாலும் லாப்ரடாரின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் தங்கள் இனுத்திதுத் மொழியில் சொல்வது 'தோஙைட்'. அந்த 'ஙை'யைக் கவனியுங்கள். அரிச்சுவடியில் ங, ஙா, ஙி, ஙீ என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, 'ஙப்போல் வளை'யோடு நாம் மூட்டை கட்டி வைத்த வரிசை அது. அவர்கள் மொழியில் அதற்கு முழுநேர வேலை. அங்கிருக்கும் தேசியப் பூங்காவின் பெயர் 'தோஙைட் கக்கசுவஙிதா சிலக்கியாப்விஙா'. ஒரே பெயரில் ஙை, ஙி, ஙா மூன்றும் வந்துவிட்டன. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சமாளிப்பதை நாம் ஓர் எழுத்தில் எழுதிவிடலாம். நமக்கு வராதது அவர்களுடைய தொண்டைக் ககரம். ரோமன் எழுத்தில் எழுதும்போது அதற்காகவே சொல்லின் நடுவில் பெரிய 'கே' போடுகிறார்கள், சின்ன 'கே' வேறு ஒலி. ல, ள, ழ மூன்றுக்கும் சண்டை போடுகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. மொழியைச் சரியாக எழுத முடிகிற நாமே அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் 'பேய் மலை' என்று எழுதினால் எப்படி?

தோஙைட் என்றால் ஆவிகள் உறையும் இடம். சரி, ஆவி என்றால் பேய்தானே என்று கேட்பீர்கள். இல்லை. அங்ககுக் என்று ஒருவர் இருப்பார். பூசாரி, வைத்தியர், குறி சொல்பவர் மூவரையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி. அவருக்குத் துணையாக வந்து நிற்கும் சக்திகள்தான் இந்த ஆவிகள். அவற்றில் பெரியது வெள்ளைக் கரடி வடிவத்தில், லாப்ரடாரின் வடகோடியில் சிட்லி முனைப் பக்கத்து மலைக்குகையில் இருக்கிறது, கடலில் உள்ள திமிங்கிலமும் சீலும் அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. சீல் கிடைத்தால்தான் சாப்பாடு, விளக்குக்கு எண்ணெய், காலுக்குச் செருப்பு எல்லாம். அப்படிப்பட்ட ஊரில் சீலைக் கொடுப்பதும் மறுப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு நம்மூரில் என்ன பெயர்? எல்லைச்சாமி என்போம். முழுசாகப் பொருந்தாதுதான். ஆனாலும் பேயைவிட எவ்வளவோ பக்கம்.

இந்தச் சக்திகளைச் சாத்தான் கணக்கில் சேர்த்தவர்கள் அங்கே போன மொராவியச் சபை மிஷனரிகள். 1771இல் நெய்னில் முதல் மிஷனை நிறுவினார்கள், பிறகு வடக்கே ஓக்காக், தெற்கே ஹோப்டேல், 1830இல் இன்னும் வடக்கே ஹெப்ரோன் என்று பரவினார்கள். இதே சபையார் நெய்னுக்குப் பதினோரு வருடம் முன்பே, 1760இல், நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுத் தங்கியவர்கள் என்பது இந்தக் கதையில் நமக்கு ஒரு சின்னப் பங்கு. திருநெல்வேலிப் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் வேலை பார்த்த வேறு சபை மிஷனரிகள் சுடலைமாடனையும் இசக்கியையும் என்னவென்று எழுதி வைத்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதைப் படித்து முகம் சுளிக்கிற நாம், அதே சொல்லை எடுத்து இன்னொருவர் சாமிக்கு ஒட்டுகிறோம். மொராவியர்களுக்கு உரியதையும் சொல்லிவிட வேண்டும்: எழுத்தும் வாத்திய இசையும் அவர்கள் வழியாக வந்தன, அவற்றை இனுவிட் மக்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது 'மனிதன் கால் படாத'.

இரண்டு வருடம் முன்பு நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் போயிருந்தேன். (நியூபவுண்ட்லாந்து என்றதும் நம் ஆட்களுக்கு 1986 ஆகஸ்ட் நினைவுக்கு வரும். இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்களே, லாப்ரடாரும் சேர்ந்த அதே மாகாணம்தான். தோஙைட் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே.) அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். உள்ளே கல்லில் செதுக்கிய கத்தி முனைகள். ராமா என்ற விரிகுடாப் பகுதியில் மட்டும் கிடைக்கும் கல். கல் என்று சொன்னால் நம்ப முடியாது. கற்கண்டைப் புகையில் காட்டி எடுத்த மாதிரி சாம்பல் நிறம், உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிறது, விளிம்பு அவ்வளவு மெல்லியது. சுமார் 7,000 வருடங்களாக வெவ்வேறு மக்கள் மாறி மாறி வந்து அந்தக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதில் செய்த கருவிகள் தெற்கே இன்றைய அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் வரை கிடைத்திருக்கின்றன. அந்த ராமா விரிகுடா, நீங்கள் கால் படவில்லை என்று சொல்லும் மலைத்தொடருக்குள்தான் இருக்கிறது.

இனுவிட் மக்களின் முன்னோர் வருவதற்கு முன்பு அங்கே இருந்தவர்களைத் தூனித் என்கிறார்கள். பலசாலிகள், ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று கதை. தரையைத் தோண்டிக் கல்லும் புல்மண்ணும் திமிங்கில எலும்பும் வைத்துக் கட்டிய குளிர்கால வீடுகளின் பள்ளங்கள் இன்றும் கரையோரம் தெரிகின்றன. நம் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வந்த 'எஸ்கிமோ, இக்லூ' படம் மனதில் இருந்தால் இந்தப் பள்ளங்கள் வெறும் புல்மேடாகத்தான் தெரியும். அப்புறம், அந்த 'எஸ்கிமோ'வையும் விட்டுவிடுங்கள். பலர் என்றால் இனுவிட், ஒருவர் என்றால் இனுக்.

'யாருமே இல்லை' என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அங்கேயே இரண்டு கதைகள் இருக்கின்றன. அமானுஷ்யம் தேடிப் போகிறவர்கள் இவற்றை எடுத்திருக்கலாம்.

1942 டிசம்பர் 10. கிரீன்லாந்திலிருந்து கூஸ் பே நோக்கிப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வழி தவறி, எரிபொருள் தீர்ந்து, சாக்லெக் விரிகுடா அருகே இறங்கியது. ஏழு பேர், ஒருவரும் விபத்தில் சாகவில்லை. விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருந்தார்கள். மூன்று பேர் சின்னப் படகில் தெற்கே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள், அதோடு காணவில்லை. மற்றவர்கள் இருந்த சாப்பாட்டைப் பங்கு போட்டபடி நாட்குறிப்பு எழுதினார்கள். 1943 பிப்ரவரி 3ஆம் தேதியோடு அது நின்றுவிட்டது. தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஹெப்ரோன் இருந்தது. தேவாலயம், கடை, வீடு வீடாக அடுப்பு, பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் எல்லாம் இருந்த ஊர். இவர்களுக்கு அது தெரியாது. கடைசியில் விமானத்தையும் உடல்களையும் கண்டுபிடித்தவர்கள் இனுவிட் மக்கள்தான்.

அடுத்த வருடம், 1943 அக்டோபரில், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அதே கடற்கரையின் வடகோடியில் மார்ட்டின் விரிகுடாவுக்குள் ரகசியமாக வந்து, தானாக இயங்கும் வானிலை நிலையம் ஒன்றை நட்டுவிட்டுப் போனது. யாராவது பார்த்தால் ஏமாறட்டும் என்று அதன் மேல் கனடிய வானிலைச் சேவை என்று பெயர் எழுதி, சுற்றிலும் அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகளையும் போட்டு வைத்தார்கள். ஏன் அவ்வளவு வடக்கே போனார்கள் தெரியுமா? இனுவிட் மக்கள் கண்ணில் படாமல் இருக்க. எதிரி நாட்டுக் கப்பல் தலைவனுக்கே அங்கே ஆள் நடமாட்டம் உண்டென்று தெரிந்திருந்தது. 1981இல்தான் கனடா அதை எடுத்து வந்தது. இப்போது ஆட்டவாவில் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, இப்போது அங்கே நிரந்தரமான ஊர் இல்லையே, உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஏன் இல்லை?

1918இல் மிஷனுக்குச் சாமான் கொண்டுவரும் கப்பலோடு ஸ்பானிஷ் காய்ச்சலும் வந்து இறங்கியது. மலைத்தொடருக்குத் தெற்கே ஓக்காக்கில் 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். ஹெப்ரோனிலும் வீடு வீடாகச் சாவு. அதிலிருந்து எழுந்து நின்ற ஹெப்ரோனை 1959இல் மூடினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே நூட்டாக் என்ற ஊரையும் மூடியிருந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு மருத்துவமும் கடையும் பள்ளியும் நடத்த முடியாது என்பது அரசும் மிஷனும் சொன்ன காரணம். அந்த அறிவிப்பை எங்கே வைத்துச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஈஸ்டர் சமயத்தில், தேவாலயத்துக்குள் வைத்துச் சொன்னார்கள். அங்கே எழுந்து எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்த மக்கள். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு வெளியே வந்தார்கள். 58 குடும்பங்கள். நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக் என்று பிரித்துப் போட்டார்கள். போன இடத்தில் சொன்னபடி வீடு தயாராக இல்லை, நல்ல மீன்பிடி இடங்கள் ஏற்கெனவே வேறு குடும்பங்களுக்கு உரியவை. அண்ணன் ஓர் ஊர், தங்கை ஓர் ஊர். மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது 2005இல். நாற்பத்தாறு வருடம்.

ஆக, உங்கள் காணொளியில் அவ்வளவு அழகாக வரும் வெறுமை இயற்கை கொடுத்தது மட்டும் இல்லை. ஒரு பகுதி அறிவிப்பு வாசித்து உண்டாக்கியது.

காட்சிக்காக அங்கிருந்து ஆள் கொண்டுபோன கதையும் உண்டு. படம் எடுக்கும் தொழிலில் இருக்கும் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1880இல் ஹாம்பர்க் மிருக வியாபாரி ஹாகன்பெக்குக்காக ஒரு கப்பல் லாப்ரடாருக்கு வந்தது. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டது. ஹெப்ரோனிலிருந்து ஆபிரகாம், மனைவி உல்ரிக்கே, இரண்டு சின்னப் பெண்கள், உறவுக்கார இளைஞன் தோபியாஸ். தோஙைட் மலைகளுக்குள் இருக்கும் நக்வாக்கிலிருந்து தீகியானியாக், மனைவி பைங்கு, மகள் நுக்கசாக். பெர்லின் போன்ற நகரங்களில் மிருகக்காட்சிச் சாலைக்குள் குடிசை போட்டு உட்கார வைத்து டிக்கெட் விற்றார்கள். அம்மை குத்த மறந்துவிட்டார்கள். டிசம்பரில் முதலில் போனது நுக்கசாக், பதினைந்து வயதுப் பெண். 1881 ஜனவரி முடிவதற்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்திருந்தார்கள். ஆபிரகாம் தன் மொழியில் நாட்குறிப்பு எழுதியிருந்ததால் வேடிக்கை பார்க்கப்பட்டவரின் பக்கத்துக் கதை நமக்கு மிஞ்சியது. பாரிஸில் இறந்த ஐந்து பேரின் எலும்புக்கூடுகளை அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்று வைத்துக்கொண்டது, அவை அங்கே இருப்பது வெளியே தெரிந்ததே இந்த நூற்றாண்டில்தான்.

இதற்கு நூறு வருடம் முன்பும் இப்படி நடந்தது. 1772இல் ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற வணிகர் ஐந்து பேரை லண்டனுக்கு அழைத்துப் போனார். செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அது இயற்கையாக உண்டான ஏதோ ஒன்று என்றே நினைத்தார்களாம். அவர்களில் அத்துயியோக் என்பவர் ஊரைச் சுற்றிப் பார்த்து அலுத்துப்போய், எக்கச்சக்க வீடு, எக்கச்சக்கப் புகை, எக்கச்சக்க மனிதர்கள், லாப்ரடாரே நல்லது, அங்கே சீல் நிறைய உண்டு என்று சொன்னதாகக் கார்ட்ரைட் எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து லண்டனைப் பற்றி வந்த மிகச் சுருக்கமான பயணக் குறிப்பு அதுதான். திரும்பும் வழியில் அவர்களையும் பெரியம்மை பிடித்தது. பிழைத்தது ஒரே ஒரு பெண், கவுப்விக். மலைத்தொடரின் உச்சி, 1,652 மீட்டர், இன்று லாப்ரடார் பக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கியூபெக்கில் அதே உச்சிக்கு ஒரு பிரெஞ்சுப் படைத்தலைவரின் பெயர், டிபெர்வில். அந்தக் காணொளியில் சொன்னது டிபெர்வில் மட்டும்தான். இரண்டையும் சொல்வதற்கு ஒரு மூச்சுக்கூட அதிகம் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகு அந்த மக்கள் என்ன செய்தார்கள்? 2005இல் லாப்ரடார் இனுவிட் மக்களின் நில உரிமை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, நுனாட்சியாவுட் என்ற தன்னாட்சிப் பகுதி பிறந்தது. 'நம் அழகான நிலம்' என்று பொருள். அப்போது இந்த மலைத்தொடரில் 9,700 சதுர கிலோமீட்டரை, கோவை மாவட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை, தேசியப் பூங்காவுக்காகக் கொடுத்தார்கள். கனடா மக்களுக்கு நாங்கள் தரும் பரிசு என்று சொல்லியே கொடுத்தார்கள். கியூபெக் பக்கத்து நுனாவிக் இனுவிட் மக்களின் ஒப்பந்தமும் முடிந்த பிறகு 2008இல் அது முழுமையான தேசியப் பூங்கா ஆயிற்று. நிர்வாகத்துக்கு வழிகாட்டும் குழுவின் ஏழு பேரும் இனுவிட். வேட்டையும் மீன்பிடியும் அவர்களுக்கு உரிமையாகவே தொடர்கின்றன. சாக்லெக் விரிகுடாவில் கஙிட்லுவாசுக் என்ற இடத்தில் இருக்கும் முகாமுக்குக் கோடையில் பெரியவர்களும் இளைஞர்களும் வருகிறார்கள். அங்கே பிறந்து, சிறு வயதில் கப்பலேற்றப்பட்டவர்கள் பேரன் பேத்திகளுக்கு இடம் காட்டுகிறார்கள். நாம் அங்கே விருந்தாளி. விருந்தாளி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'இங்கே யாருமே இல்லை' என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்கெனவே போட்டதில் தலைப்பை மட்டும் மாற்றுங்கள். பார்வை எண்ணிக்கை குறையும் என்று பயந்தால், 1942 விமானத்தின் கதையைத் தலைப்பாக்குங்கள், அதைவிடப் பதைபதைப்பு எந்தப் பேயிடமும் இல்லை. இனிமேல் போகிறவர்கள், அங்கே பார்வையாளர் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாது என்பதால் பனிக்கரடியிடமிருந்து உங்களைக் காக்க ஒரு இனுவிட் காவலர் கூட வருவார். அவர் வெறும் பாதுகாப்பு ஆள் இல்லை, நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கும். அதைக் கேட்டு, அவர் அனுமதித்தால் பதிவு செய்யுங்கள். கல் குவியலைப் பார்த்தால் மேலே ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், கல்லறையாக இருக்கலாம். ரோஸ் தீவில் இருந்து ஆராய்ச்சிக்கென்று எடுத்துப் போன 113 பேரின் எலும்புகளைத் திரும்ப வாங்கி வந்து, அதே மண்ணில் மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே ட்ரோனைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

இப்படிக்கு,
டொராண்டோவிலிருந்து ஒரு பார்வையாளர்

பி.கு.: முகாம் திறந்திருப்பது ஜூலை பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரைதான். கொசுவும் கருப்பு ஈயும் மொய்க்கும் காலம், தலைக்கு வலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஙை'யை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.